ஓகி: கரைக்குத் தெரிஞ்சது கடலுக்கு ஏன் தெரியல?

கடலோரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஊர் தூத்தூர் வட்டாரம். போன வாரம் வகுப்பில் 2017 ஓகி புயல் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு பையன் சாதாரணமா சொல்றான்: "போகாதீங்கன்னு சொன்னாங்க சார், அவங்கதான் கேக்காம போயிட்டாங்க." அதே வகுப்பில் இருந்த பூத்துறைப் பையன் எழுந்து வெளியே போயிட்டான்.

அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனசு வரல. அவன் வீட்டில் அப்படித்தான் பேசிக்கிறாங்க. நம்ம மாவட்டத்திலேயே, கடலிலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே போனால் இதுதான் பேச்சு. அதனால்தான் இந்த இழை. அன்னைக்குக் கடலில் இருந்தவங்க, வானிலைக் கணக்கு தெரிஞ்சவங்க, கரையில் நின்னு தேடினவங்க, தெரிஞ்சதை எழுதுங்க.

என் பங்குக்கு முதல்ல ஒண்ணு. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. இந்த எட்டு ஊர்க்காரங்களும் காலையில் போய் சாயங்காலம் வர்ற தொழில் பண்றவங்க இல்ல. கொச்சி, முனம்பம், பேப்பூர், தேங்காப்பட்டணம்னு பல துறைமுகத்தில் இருந்து கிளம்பி, வாரக்கணக்கில், சில சமயம் ஒரு மாசத்துக்கு மேலயும் ஆழ்கடலில் கிடந்து சுறாவும் கேரைங்கிற சூரை மீனும் பிடிக்கிறவங்க. நவம்பர் 29-ம் தேதி "போகாதீங்க"ன்னு சொன்னா, நவம்பர் தொடக்கத்திலேயே போனவன் எப்படிக் கேப்பான்?

---

மழைக்கணக்கு, நாகர்கோவில்

நல்ல இழை. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைகளை அன்றிலிருந்தே சேர்த்து வைத்திருக்கிறேன். நடந்ததைக் கால வரிசையில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பேச உதவும்.

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே, தென்மேற்கு வங்கக் கடலில் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக உருவானது. 30-ம் தேதி அதிகாலையில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். காலை 8.30 மணி நிலவரப்படி கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் அது புயலாகிவிட்டது. தாழ்வு மண்டலத்திலிருந்து புயலுக்கு ஒரே நாள். வழக்கமாக ஒரு புயல் வங்கக் கடலில் உருவாகி நாகப்பட்டினத்துக்கோ ஆந்திரத்துக்கோ வருவதற்குள் மூன்று நான்கு நாட்கள் நம் கையில் இருக்கும். இங்கே புயல் என்ற சொல் அறிக்கையில் ஏறியபோது குமரியில் மரங்கள் விழத் தொடங்கிவிட்டன.

29-ம் தேதி அறிக்கையிலேயே, தென் தமிழகக் கடலில் பலத்த காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற வரி இருந்தது. ஆனால் அந்த வரி வருஷத்தில் பல நாள் வருகிற வரி. அதில் புயல் என்ற சொல் இல்லை.

குமரிக் கடலில் புயல் அபூர்வம். காரணம், நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம், 8 டிகிரி வட அட்சத்தில். பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பு விசை நிலநடுக்கோட்டில் பூஜ்யம், வடக்கே போகப் போகத்தான் கூடும். அந்த விசை இல்லாமல் காற்று சுழன்று புயலாகாது. அதனால் ஐப்பசி கார்த்திகையில் எத்தனையோ தாழ்வு நிலைகள் குமரிக் கடல் வழியாக மழையை மட்டும் கொட்டிவிட்டு அரபிக் கடலுக்குப் போய்விடும். அபூர்வம் என்றால் நடக்கவே நடக்காது என்று அர்த்தமில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் நிலநடுக்கோட்டை ஒட்டித்தான் உருவானது. 1992 நவம்பரில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு புயல் கரை ஏறியது.

இழையின் தலைப்புக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஓகி குமரியில் கரை ஏறவே இல்லை. நம்மைத் தெற்கே உரசிக்கொண்டு அரபிக் கடலுக்குள் போனது. டிசம்பர் 1 அன்று தீவிரப் புயல், அன்றே அதிதீவிரப் புயல். லட்சத்தீவைக் கடக்கும் கட்டத்திலும் அதற்குப் பிறகும்தான் அதன் உச்ச பலம், மணிக்கு 150 முதல் 160 கிலோமீட்டர் வேகக் காற்று. பிறகு வடக்கு, வடகிழக்காகத் திரும்பி, பலமிழந்து, 5-ம் தேதி வாக்கில் தெற்கு குஜராத் கரைக்குப் பக்கத்தில் ஓய்ந்தது. நாம் நாகர்கோவிலில் பார்த்தது அதன் குழந்தைப் பருவம்தான். அதிலேயே நம் மாவட்டம் குலைந்து போனது. அடுத்த மாவட்டமான திருநெல்வேலியின் பாபநாசத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் மழை பதிவானது.

---

கேரைத்தூண்டில்

மழைக்கணக்கு அண்ணாச்சி சொன்ன கடைசி விசயத்தை நான் கண்ணால கண்டேன். நான் அப்ப கடல்ல கெடந்தேன். கொச்சியில இருந்து போன போட்டு. லட்சத்தீவுக்கும் அந்தப் பக்கம், மேற்க.

30-ம் தேதி வியாழக்கிழமை. புனித அந்திரேயா திருநாள், அவரும் மீன்பிடிக்கிற ஆளுதான். அன்னைக்கு எங்க கடல் நல்லாத்தான் கெடந்தது. லேசா மேகம், கொஞ்சம் புழுக்கம். தூண்டில் விட்டுட்டு சோறு பொங்கித் தின்னோம். அந்த நேரத்துல இங்க நாகர்கோவில்ல மரம் முறிஞ்சு, கரண்டு போயி, சனம் வீட்டுக்குள்ள இருந்து அலறிக்கிட்டு இருந்திருக்கு. எங்களுக்கு ஒரு சொல் வரல. வயர்லெஸ்ல பக்கத்து போட்டுக்காரன் கூட மீன் வெலையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்.

வெள்ளிக்கிழமை வாடை பிடிச்சது. வாடைன்னா பரவாயில்ல, அந்த மாசம் வீசுறதுதான். ஆனா நிமிசத்துக்கு நிமிசம் கூடுது. பொறவு அது கொண்டலா, கிழக்குக் காத்தாத் திரும்பிச்சு. காத்து அப்படி நிக்காம திசை மாறுனா கிட்டக்க சுழி இருக்குன்னு போட்டு ஓட்டுற ஸ்ராங்குக்குத் தெரியும். "தூண்டில வலிக்காதே, வெட்டி விடு"ன்னார். கண்டமேனிக்கு காசு போட்டு வாங்குன கயிறும் தூண்டியும். யாரும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல.

ராத்திரி பூரா வேலை ஒண்ணே ஒண்ணுதான். அணியத்த, போட்டோட முன்பக்கத்த, அலைக்கு நேரா பிடிச்சுக்கிட்டே இருக்கணும். போட்டு பக்கவாட்டுல திரும்பினா ஒரே அலையில கவுந்திடும். எஞ்சின் நின்னாலும் அவ்வளவுதான். கேபின் கண்ணாடி ஒடஞ்சு தண்ணி உள்ள எறங்குது. பம்புல ஐஸ் பெட்டியோட தெர்மாகோல் துண்டு போயி அடைச்சுக்கிச்சு. டீசல் கேனை வெட்டி கோரி ஊத்துனோம். கோரக் கோர தண்ணி முட்டுக்குக் கீழ எறங்கவே இல்ல. ஒருத்தன் சுக்கான் கூட தன்னைக் கயித்தால கட்டிக்கிட்டான். ஜெபமாலை சொல்லிக்கிட்டே கோரினோம்.

வயர்லெஸ் ஓடிக்கிட்டே இருந்தது. பக்கத்துல எங்கயோ கெடந்த போட்டுல இருந்து ஆளுங்க கூப்பிடுறாங்க, ஊரு பேரச் சொல்லி, போட்டு பேரச் சொல்லி. நாங்க பதில் சொல்லுவோம். கிட்டக்க போக முடியாது. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தச் சத்தம் வராது. அதுக்கு மேல அத எழுத எனக்கு முடியாது.

எங்க போட்டு தப்பிச்சது. வடக்க வடக்க ஓடி மகாராஷ்டிரா தேவ்கட்ல கரை பிடிச்சோம். எங்களுக்கு முன்னாலயே நம்ம ஆளுங்க போட்டு நெறைய அங்க வந்து கெடந்தது. அங்க உள்ள சனம் சோறும் துணியும் தந்தாங்க.

---

மட்டிவாழை

கேரைத்தூண்டில் எழுதினதைப் படிச்சிட்டு என்ன எழுதன்னு தெரியல. ஆனா உள்பக்கத்துக் கதையும் இந்த இழையில் இருக்கட்டும். உயிர்ப்பலிக்குப் பக்கத்தில் இதை வைக்க நான் வரல.

எங்களுக்குத் திருவட்டார் பக்கம். அப்பா போட்ட ரப்பர், பால் வெட்டிக்கிட்டு இருந்த மரங்கள். ரப்பர் மரம் வேரோட சாயும்னு நினைச்சிருந்தோம். அப்படி இல்ல. பாதி உயரத்தில், பால் வெட்டுற பட்டைக்கு மேல, முறுக்கி ஒடிச்ச மாதிரி முறிஞ்சு கிடந்தது. நார் நாரா பிளந்து, அந்தப் பிளவிலிருந்து பால் வடிஞ்சுக்கிட்டே இருந்தது, மழையோட சேர்ந்து தரையெல்லாம் வெள்ளை. ரப்பர் நட்டா ஏழு வருஷம் கழிச்சுத்தான் வெட்ட முடியும். 2018-ல் மறுபடி நட்டவங்க தோட்டத்தில் 2025-ல்தான் கத்தி படும்னு கணக்கு. குலசேகரம், அருமனை, கீரிப்பாறை எல்லா இடத்திலும் இதே நிலை. எல்லார் தோட்டத்திலும் ஒரே நாளில் மரம் விழுந்ததால தடி விலை அடிமட்டத்துக்குப் போச்சு, அறுக்க ஆள் கூலி உச்சத்துக்குப் போச்சு.

வாழைதான் பெரிய அடி. ஏத்தன் குலை தள்ளி நின்ன நேரம். கடன் வாங்கி ஊன்றுகம்பு கொடுத்து நிறுத்தின வாழை, கம்போட சேர்ந்து படுத்திடுச்சு. பாட்டத்துக்கு நிலம் எடுத்துப் பயிர் வச்சவனுக்கு நிவாரணம் கேட்கப் போனா நில உரிமைக் காகிதம் கேட்டாங்க. நிலத்துக்காரர் வெளியூரில். எங்க பக்கத்தில் அப்படி ஒண்ணும் கிடைக்காம போனவங்க இருக்காங்க.

கரண்டு நினைச்சா இன்னும் நன்றிதான் வருது. வெளி மாவட்டங்களில் இருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் லாரி லாரியா வந்து, பள்ளிக்கூடத்தில் படுத்து, மழையில் கம்பம் நட்டாங்க. எங்க தெருவில் கம்பம் நட்டவர் தர்மபுரிக்காரர்.

---

வேணாட்டான்

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதறீங்க. எனக்கும் வருத்தம் உண்டு. ஆனா கேள்வி கேட்டே ஆகணும். 29-ம் தேதி எச்சரிக்கை இருந்ததுன்னு மழைக்கணக்கே சொல்றார். அன்னைக்கு ராத்திரி நம்ம கரையில் இருந்தும் கேரளக் கரையில் இருந்தும் வள்ளங்கள் கடலுக்குப் போயிருக்கு. அது உண்மையா இல்லையா? எச்சரிக்கையை மதிக்காத பழக்கம் இருக்குன்னு சொன்னா ஏன் கோபம் வருது? அடுத்த புயலுக்கும் இப்படித்தான் போவாங்கன்னா யாரால் காப்பாத்த முடியும்?

---

கடலோரன்

வேணாட்டான், கோபம் இல்லை. நேரடியா பதில் சொல்றேன்.

நீங்க ரெண்டு விதமான ஆட்களை ஒண்ணாக் குழைக்கிறீங்க. முதல் வகை, கரையோரத் தொழில் பண்றவங்க. ஃபைபர் வள்ளம், கட்டுமரம். சாயங்காலம் போய் விடியக்காலம் வருவாங்க. 29 ராத்திரி போனவங்க இவங்கதான். இவங்களுக்குப் போய்ச் சேர்ந்த எச்சரிக்கை என்ன? "பலத்த காற்று." அதுவும் எல்லா ஊருக்கும் எல்லாக் கரைக்கும் போய்ச் சேரல. ஒரு நாள் போகலைன்னா அன்னைக்கு அடுப்பு எரியாத வீடு, வருஷத்தில் பல தடவை கேட்கிற ஒரு வரியைக் கேட்டு நிக்கலைன்னா, அதுக்குப் பேர் மதிக்காத பழக்கமா? "புயல் வருது"ன்னு சொல்லியிருந்தா எங்க ஊர்ப் பெண்களே வள்ளத்தைத் தள்ள விட்டிருக்க மாட்டாங்க. 2004 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடியில் செத்தவங்களைப் புதைச்ச ஜனம் இது. கடலுக்குப் பயப்படத் தெரியாதவங்க இல்ல.

ரெண்டாவது வகை, ஆழ்கடல்காரங்க. இவங்க விஷயத்தில் உங்க கேள்வியே பொருந்தாது. மழைக்கணக்கு கொடுத்த தேதிகளையும் கேரைத்தூண்டில் எழுதினதையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பாருங்க. 30-ம் தேதி காலையில் நாட்டுக்கே புயல்னு தெரிஞ்சாச்சு. டிவியில் ஓடுது. அந்த நேரம் அவங்க சோறு பொங்கித் தின்னுக்கிட்டு இருந்திருக்காங்க. புயல் அவங்க கிட்ட வந்தது அடுத்த நாள். ஒரு முழுப் பகல், ஒரு முழு ராத்திரி கையில் இருந்தது. நல்ல எஞ்சின் இருக்கிற போட்டுக்கு அந்த நேரம் போதும், விலகி ஓடியிருக்கலாம், லட்சத்தீவில் ஒதுங்கியிருக்கலாம். அந்த நேரத்தை அவங்களுக்குக் கொடுக்க யார் கையிலும் ஒரு வழி இல்லை. புயல் சீக்கிரம் உருவானது இயற்கை. ஒரு நாள் முன்னாடி தெரிஞ்ச சேதியைக் கொண்டுபோக வழி இல்லாம வச்சிருந்தது மனுஷங்க செஞ்சது. என் வாதம் முழுக்க இதுதான்.

இன்னொரு வேதனை, ஆள் கணக்கு. எங்க ஆட்களின் போட்டு பலதும் கேரளத்தில் பதிவானது. டிசம்பர் 2-ம் தேதி மகாராஷ்டிர முதல்வர், 68 படகுகளில் 952 மீனவர்கள் தங்கள் கரைக்கு வந்திருக்காங்கன்னு அறிவிச்சார். அதில் 66 கேரளப் படகு, 2 தமிழகப் படகுன்னு சேதி. கேரளப் படகுன்னா உள்ளே இருந்தவங்க கேரளக்காரங்கன்னு நினைச்சாங்க. அதில் பாதிக்கு மேல எங்க ஊர் ஆளா, இல்லையான்னு தெரியாம இங்க அம்மாமார் கிடந்து துடிச்சாங்க. மீன்துறை ஒரு கணக்கு, வருவாய்த்துறை ஒரு கணக்கு, பங்குக் கோயில் ஒரு கணக்கு. கடைசியில் அன்பியம்னு சொல்ற பங்குக் குழுக்கள் வாரியா வீடு வீடாப் போய் எழுதின பட்டியல்தான் நம்புற மாதிரி இருந்தது. டிசம்பர் கடைசி வாரத்தில் நாடாளுமன்றத்தில் சொன்ன எண்ணிக்கை: காணாமல் போனவங்க 661 பேர், தமிழ்நாடு 400, கேரளம் 261. புயல் அடிச்சு நாலு வாரம் கழிச்சு.

---

சின்னத்துறை மருமகள்

நான் இந்தக் குழுவில் படிக்க மட்டும்தான் செய்வேன். இதுக்கு எழுதாம இருக்க முடியல.

எங்க மைனி வீட்டுக்காரர் அந்தப் புயலில் போனவர். உடல் கிடைக்கல. கேரளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கடலில் எடுத்த உடல்கள் வச்சிருக்காங்கன்னு சேதி வந்தால் உடனே வேன் பிடிச்சுப் போவோம். முகம் பார்த்துச் சொல்ற நிலையில் ஒண்ணும் இருக்காது. தண்ணியில் ஊறி, மீன் கொத்தி. சட்டை, அரைஞாண், கழுத்தில் கிடக்கிற உத்தரியம்னு சொல்ற பக்தித் துணிமாலை, இதை வச்சுத்தான் பாக்கணும். பிறகு அவங்க மகனிடம் ரத்தம் எடுத்து டிஎன்ஏ ஒத்துப் பார்த்தாங்க. ஒண்ணோடயும் ஒத்து வரல. ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது மைனி ஒரே கேள்விதான் கேப்பாங்க: "இதுக்கு நான் அழணுமா, சந்தோசப்படணுமா?" அந்த வெப்ராளத்தை எப்படிச் சொல்ல.

உடல் இல்லைன்னா இறப்புச் சான்று இல்லை. காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருஷம் தகவல் இல்லைன்னாத்தான் இறந்ததாக் கருத முடியும்னு அப்போ இருந்த சாட்சியச் சட்டத்தின் 108-ம் பிரிவு. ஏழு வருஷம் வரைக்கும் அந்தப் பெண் விதவையும் இல்ல, சுமங்கலியும் இல்ல. வங்கிக் கணக்கு அவர் பேரில், போட்டுக் கடன் அவர் பேரில், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டணும். சுனாமிக்கு அந்த விதியைத் தளர்த்தின மாதிரி இதுக்கும் தளர்த்தணும்னு கேட்டுக் கேட்டு, அப்புறம்தான் தமிழக அரசும் கேரள அரசும் தளர்த்தினாங்க. குடும்பத்துக்கு 20 லட்சம் அறிவிச்சாங்க. கிடைச்சது. இல்லைன்னு சொல்லல.

ஆனா அதெல்லாம் தானா வரல. டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தோம். ஊரில் இருந்து நடந்தே போனவங்க உண்டு. கைக்குழந்தையோட, கர்ப்பிணியா, எண்பது வயசுப் பாட்டியா. எங்க கோரிக்கையில் முதல் வரி பணம் இல்ல. "தேடுங்க, எங்க ஆளுங்களையும் கப்பலில் கூட்டிக்கிட்டுப் போய்த் தேடுங்க" என்பதுதான். எந்த இடத்தில் தூண்டில் விடுவாங்க, காத்தும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளும்னு ஊர்ப் பெரியவங்களுக்குத் தெரியும். கடலில் மிதந்துக்கிட்டு உயிரோட இருப்பாங்கன்னு அப்போ நம்பினோம். முதல் நாளிலேயே அந்தக் கடல் வரைக்கும் தேடிப் போயிருந்தா சிலரையாவது எடுத்திருக்கலாம்னு இன்னைக்கும் நினைக்கிறேன்.

வேணாட்டான் அண்ணன், எங்க மைனி வீட்டுக்காரர் கொச்சியில் இருந்து கிளம்பினது நவம்பர் முதல் வாரம். அவர் எந்த எச்சரிக்கையையும் மீறல. இதை மட்டும் நீங்க உங்க வீட்டிலும் சொல்லுங்க.

---

வேணாட்டான்

சொல்றேன் அம்மா. ஆனா கரையோர வள்ளம் பற்றின என் கேள்வி அப்படியேதான் இருக்கு. சொன்ன வார்த்தை போதலைன்னா, எப்படிச் சொன்னா நிப்பாங்க? அடுத்து பேசுறவங்க அதையும் பேசுங்க.

---

வயர்லெஸ் மெக்கானிக்

போட்டுக்கு மின்னணுச் சாமான் மாட்டிக் கொடுக்கிறது என் தொழில். சேதி ஏன் போகலைங்கிறதைச் சொல்றேன்.

போட்டில் இருந்தது, இப்பவும் இருக்கிறது, விஎச்எஃப் வயர்லெஸ். அதன் அலை நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவைத் தாண்டாது. ஆன்டெனா எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்தான். போட்டுக்கும் போட்டுக்கும் நடுவில் 10, 15 கடல் மைல். கரையில் உயரமான டவர் இருந்தால் 25, 30 வரைக்கும் இழுக்கும். செல்போன் அதுக்கும் முன்னாடியே போயிடும். நம்ம ஆட்கள் கிடக்கிறது 200, 300 கடல் மைலுக்கு அப்பால். சேட்டிலைட் போன் ஒண்ணுதான் வழி. அதை அனுமதி இல்லாம வச்சிருந்தால் நம்ம நாட்டில் குற்றம், அனுமதியோட வாங்க அப்போ சாதாரண மீனவனுக்கு வழியும் இல்ல, வசதியும் இல்ல.

ஓகிக்குப் பிறகு வந்தது இதெல்லாம். முதல்ல இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் வழியா சேதி வாங்குற கருவி, 2018-ல் இருந்து கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2019-ல் ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் கடல் தகவல் மையம் ஜெமினின்னு ஒண்ணு வெளியிட்டது. இது ரெண்டிலும் புயல் எச்சரிக்கையும் மீன் இருக்கிற இடமும் செல்போனில் தெரியும். ஒரு வழிதான்: கரையில் இருந்து சேதி வரும், நாம் ஒண்ணும் திருப்பிச் சொல்ல முடியாது. ஆனாலும் ஓகி மாதிரி ஒண்ணுக்கு அந்த ஒரு வழியே போதும். கடலோரன் சொன்ன அந்த ஒரு நாள் அதில் கிடைச்சிருக்கும்.

இப்போ வர்றது டிரான்ஸ்பாண்டர், நப்மித்ரான்னு சொல்றது. இஸ்ரோவின் அகமதாபாத் மையம் செஞ்சது, 2023-ல் கொல்லம் நீண்டகரையில் சோதிச்சுப் பார்த்தாங்க. ரெண்டு வழி. கரையில் இருந்து எச்சரிக்கை நம்ம மொழியில் வரும், ஆபத்துன்னா பொத்தானை அமுக்கினா போட்டு எங்க இருக்குன்னு கரைக்குப் போகும். 2024 ஆகஸ்டில் நாடு முழுக்க 13 கடலோர மாநிலம், யூனியன் பிரதேசங்களில் ஒரு லட்சம் படகுக்கு இலவசமா மாட்டுறதுக்கு 364 கோடி ரூபாயில் திட்டம் தொடங்கினாங்க.

நான் பார்த்த குறை ஒண்ணு சொல்றேன். மாட்டி விட்டுட்டுப் போயிடுறாங்க. கருவியை செல்போனோட ப்ளூடூத்தில் இணைச்சு, அந்த ஆப்பைத் திறந்து வச்சாத்தான் எச்சரிக்கை கண்ணில் படும். ஸ்ராங்கு தூங்குற நேரம் போன் யார் கையில்? கேபினுக்குள்ள சத்தமா அலறுற மணி ஒண்ணு தனியா வேணும். அதை நான் சில போட்டுக்குச் சொந்தமா மாட்டிக் கொடுத்திருக்கேன். இன்னொண்ணு, உப்புக் காத்தில் வயர் முனை பச்சை பிடிச்சுப் போகும். ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் கழட்டித் துடைச்சு, கிரீஸ் தடவி மாட்டணும். அஞ்சு நிமிஷ வேலை.

வேணாட்டான் கேட்டதுக்கு: கரையோர வள்ளத்துக்குக் கருவியை விட ஊர்க் கோயில் மைக்தான் பலம். எங்க ஊரில் இப்போ மைக்கில் சொல்லும்போது காத்து எவ்வளவு வேகம், எந்தக் கடல், எத்தனை மணியில் இருந்துன்னு மூணையும் சேர்த்துச் சொல்றாங்க. சும்மா "போகாதீங்க"ன்னு சொன்னா விவாதம் பண்ற ஆளு, மணிக்கணக்கு சொன்னா வலையைச் சுருட்டி வச்சிட்டு வீட்டுக்குப் போறான்.

---

மஸ்கட்டிலிருந்து

எங்க அண்ணன் போட்டுக்கு டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கு. ஆனா கூட இருக்கிறவங்க சிலர் அதை அணைச்சு வைக்கச் சொல்றாங்களாம். நம்ம எங்க மீன் பிடிக்கிறோம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும், எல்லை தாண்டினா கேஸ் வரும்னு பயம். போனில் சண்டை போட்டுப் பார்த்துட்டேன். யாராவது அனுபவப்பட்டவங்க சொன்னா கேப்பாங்க.

---

மழைக்கணக்கு, நாகர்கோவில்

அணைத்து வைக்க வேண்டாம் என்று தயவு செய்து சொல்லுங்கள். கடலின் நிலை இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. அரபிக் கடல் முன்பை விடச் சூடாகிவிட்டது. ஓகிக்கு அடுத்த ஆண்டுகளிலேயே 2019-ல் கியார் என்ற சூப்பர் புயல் அரபிக் கடலில் வந்தது, 2021 மே மாதம் டவ்தே வந்தது. டவ்தே கேரளக் கரையை ஒட்டியே மேலே போனது, நம் ஆட்கள் தொழில் செய்கிற அதே கடல். ஒரே நாளில் புயல் சட்டென்று பலமடைவது இப்போது முன்பை விட அதிகமாக நடக்கிறது. முன்னறிவிப்பு முன்னை விட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குமரிக் கடலில் உருவாகிற ஒன்றுக்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் எப்போதும் குறைவுதான், ஏனென்றால் அது நம் வாசலிலேயே உருவாகிறது. அந்தக் குறைந்த அவகாசத்தில் சேதி போக வேண்டுமென்றால் கருவி அணையாமல் இருக்க வேண்டும்.

---

கேரைத்தூண்டில்

மஸ்கட் தம்பி, உங்க அண்ணன் கிட்ட நான் பேசுதேன். எனக்குத் தனியா சேதி போடுங்க. மீன் கெடைக்கிற பாடு எங்கன்னு தெரிஞ்சிடும்கிற பயம் எனக்கும் புரியும். அந்த எடத்தக் கண்டுபிடிக்க எங்க அப்பன் காலத்துல இருந்து கஷ்டப்பட்டிருக்கோம். ஆனா அந்த ராத்திரி எங்க கூட வயர்லெஸ்ல பேசுன போட்டு எந்த எடத்துல முங்குச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அத உங்க அண்ணன் கிட்ட சொல்லுவேன்.

இன்னொரு காரியம் யாரும் இதுல எழுதல. இப்ப நம்ம போட்டுல பாதி ஆளு வங்காளம், ஒரிசா, அசாம், ஜார்கண்ட் பயக்க. எச்சரிக்கை தமிழ்லயும் மலையாளத்துலயும் வந்தா அவனுக்கு என்ன தெரியும்? நம்ம ஆளு ரெண்டு பேரு அலையில போயிட்டா அந்தக் கருவிய யாரு பாப்பா? பொத்தான எப்படி அமுக்கன்னு அவனுக்கும் காட்டிக் கொடுக்கணும். நம்ம ஊரு ஆளுன்னா பங்குல பேரு இருக்கும், தேட ஆளு இருக்கும். அவன் பேரு எந்தப் பட்டியல்லயும் இல்ல. ஊருல அவன் அம்மாவுக்கு மகன் எந்தக் கடல்ல கெடக்கான்னு கூடத் தெரியாது.

எங்க போட்டுல இப்ப செய்யது இதுதான். கெளம்புறதுக்கு முன்னால எல்லாரும் போட்டு நம்பர் தெரியுற மாதிரி நின்னு ஒரு போட்டோ. ஒவ்வொருத்தன் பேரு, ஊரு, ஆதார், வீட்டு போன் நம்பர் ஒரு தாள்ல. எந்தத் துறைமுகம், எந்தத் தேதி, எந்தப் பக்கம் போறோம். அந்த ரெண்டையும் பங்குப் பேரவை வாட்ஸ்அப் குழுவுல போட்டுட்டு, தாளோட ஒரு நகல ஓனர் வீட்டுலயும் கொடுத்திடுவோம். வடக்கத்திப் பயக்க வீட்டு நம்பரையும் சேத்துத்தான். இத எழுத கால் மணி நேரம் ஆவும். கடலோரன் சார், நீங்க காலேஜ்ல இருக்கிய, இந்தத் தாள ஒரு படிவமா தமிழ்லயும் மலையாளத்துலயும் இந்தியிலயும் அடிச்சுத் தந்தா தேங்காப்பட்டணத்துலயும் கொச்சியிலயும் நான் கொண்டு கொடுக்கேன்.

---

கடலோரன்

ஞாயிற்றுக்கிழமைக்குள் படிவம் தயார் பண்ணி இங்கேயே போடுறேன். வங்காளியும் ஒடியாவும் எழுதத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா எனக்குச் சேதி அனுப்புங்க. கருவியின் மணி, வயர் துடைக்கிறது பற்றி மெக்கானிக் சொன்னதைப் பின்பக்கத்தில் அச்சடிக்கலாம். சின்னத்துறை மருமகள், படிவத்தில் என்னென்ன விவரம் கேட்கணும்னு உங்க மைனியிடம் ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க. சான்று வாங்க நடந்தவங்களுக்குத்தான் எது எது கேப்பாங்கன்னு தெரியும்.

---

சின்னத்துறை மருமகள்

கேட்டுட்டேன். மூணு சொன்னாங்க. உடம்பில் உள்ள அடையாளம், மச்சம், பழைய தழும்பு. போட்டிருக்கிற மோதிரம், உத்தரியம் எப்படிப்பட்டது. அப்புறம் மனைவி பேரும் அப்பா பேரும் ரேஷன் கார்டில் எப்படி இருக்கோ அதே எழுத்தில் இருக்கணும்னு. அவர் பேரில் ஒரு எழுத்து மாறி இருந்ததுக்கு அவங்க ஒவ்வொரு ஆபீசா அலைஞ்சாங்க.